316எல் போட்டும் வந்த துரு: அம்பத்தூர் டிஎம் வாட்டர் லைன் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மூக்குக்கண்ணாடி லென்ஸ்களுக்குப் பூச்சு போடும் சிறிய தொழிற்சாலை அது. பூச்சுக்கு முன் லென்ஸைக் கடைசியாக அலச டிஎம் வாட்டர், அதாவது கரைந்த உப்புகளை நீக்கிய தண்ணீர், வேண்டும். சவ்வு வழியாக உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ, அடுத்து மிச்ச உப்பைப் பிசின் மணிகளில் பிடிக்கும் மிக்ஸட் பெட், 3,000 லிட்டர் டேங்க். டேங்கிலிருந்து கிளம்பி மெஷின்களைச் சுற்றிக்கொண்டு டேங்குக்கே திரும்பி வரும் ஒரு லூப், சுமார் 90 மீட்டர். எல்லாம் புதிது. ஓடத் தொடங்கிய ஏழாவது வாரம் மெஷினுக்கு முன்னால் இருந்த 1 மைக்ரான் ஃபில்டரைக் கழற்றினார்கள். பஞ்சுபோல் வெள்ளையாக இருக்க வேண்டியது செங்கல் தூளில் புரட்டி எடுத்ததுபோல் இருந்தது. காய்ந்த லென்ஸ்களில் ஊசிமுனைப் புள்ளிகள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டபோது மேஜைமேல் மில் சர்டிஃபிகேட்டுகளை, அதாவது உருக்காலை தரும் தரச் சான்றுகளை, தயாராகப் பரப்பி வைத்திருந்தார். "பாருங்க சார், டேங்க், பைப் எல்லாமே 316எல். காசைப் பார்க்கவே இல்ல. அப்புறம் எப்படித் துரு வரும்?" என்றார். 316எல் என்பது மாலிப்டினம் சேர்த்த, சாதாரண 304ஐவிட உசத்தியான எவர்சில்வர் ரகம். லைன் போட்டுக் கொடுத்த ஒப்பந்தக்காரர் ஏற்கெனவே ஒரு காரணம் சொல்லியிருந்தார்: தண்ணீர் மிகத் தூய்மையானது, அது பசியோடு இருக்கும், எந்த உலோகத்தையும் தின்னும், ஆகவே இன்னும் உசத்தியான 904எல் போட வேண்டும். 904எல் என்றால் 25 சதவீதம் நிக்கல், 4 முதல் 5 சதவீதம் மாலிப்டினம். அதன் விலை இந்தத் தொழிற்சாலையின் ஒரு வருட லாபத்தைக் கேட்கும். "போட்டா சரியாயிடுமா?" என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி.

ஆகாது என்று அன்றே சொன்னேன். ஏன் என்று காட்டுவதற்கு மூன்று வாரம் பிடித்தது.

தூய தண்ணீரின் பசி

பசித்த தண்ணீர் என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. உப்பெல்லாம் நீக்கிய தண்ணீர் காற்றுப் பட்டதும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு பிஎச் 5.6 பக்கம் இறங்கிவிடும். அதைத் தாங்கி நிறுத்த அதில் வேறு எதுவும் கிடையாது. சாதா இரும்புக் குழாயில் விட்டால் துருப்பிடிக்கும், செம்பையும் பித்தளையையும் கரைக்கும், சிமெண்டில் உள்ள சுண்ணாம்பையும் உருவிக்கொண்டு போகும். எஸ்எஸ் எனப்படும் எவர்சில்வரிடம் மட்டும் இந்தப் பசி செல்லாது.

எஸ்எஸ்ஸைக் காப்பது அதன் மேலிருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் இரண்டு மூன்று கூறுதான் அதன் கனம். குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால் இந்தப் படலம் தானாக உருவாகும், கீறினாலும் ஆக்சிஜன் கிடைக்கும்வரை தானாக மூடிக்கொள்ளும். இதை உடைப்பதில் முதல் எதிரி உப்பில் இருக்கும் குளோரைடு. படலத்தின் பலவீனமான ஒரு புள்ளியில் உட்கார்ந்து குழி பறிக்கத் தொடங்கும். குழிக்குள் அமிலம் சேரும், இன்னும் குளோரைடை உள்ளே இழுக்கும், குழி ஆழமாகும். இதற்கெல்லாம் குழிக்கும் சுற்றியுள்ள உலோகத்துக்கும் நடுவே தண்ணீர் வழியாக மின்னோட்டம் ஓடியாக வேண்டும். நல்ல டிஎம் வாட்டரில் குளோரைடும் இல்லை, மின்னோட்டத்துக்கு வழியும் இல்லை. முழுக்கத் தூய்மையான தண்ணீரின் கடத்துதிறன் 25 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமன்ஸ். இந்தத் தொழிற்சாலையின் லூப்பில் நான் அளந்தது 0.2. அந்தத் தண்ணீரில் 316எல் மட்டுமா, சுத்தமான 304எல் கூட வருடக்கணக்கில் நிற்கும்.

நம் வீடுகளில் இது தெரிந்த விஷயம்தான். எவர்சில்வர் பாத்திரத்தில் நாள் முழுக்கத் தண்ணீர் வைப்போம், ஒன்றும் ஆகாது. ஆனால் கல் உப்பை எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைக்கப் பாட்டிமார் விடமாட்டார்கள். உப்புக்கும் ஊறுகாய்க்கும் பீங்கான் ஜாடிதான். ஈர உப்பு அடியில் குத்திய கரும்புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது.

அதனால் தேடலை வேறு கேள்வியில் தொடங்கினேன். இந்தக் குழாய் டிஎம் வாட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் எந்தத் தண்ணீரைப் பார்த்தது? யார் கை பட்டது?

முதலில் பொருளைச் சோதித்தோம்

சர்டிஃபிகேட் பொய்யாக இருக்கலாம் என்ற சந்தேகத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். தொழிற்சாலையில் காந்தத்தோடு ஒரு தம்பி வந்தார், ஒட்டவில்லை, அதனால் நல்ல சரக்கு என்றார். பாரிமுனைப் பக்கம் பைப் கடைகளிலும் இதே சோதனையைத்தான் செய்கிறார்கள். இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்: 304, 316, மாங்கனீஸ் கலந்த மலிவான 202 எதிலுமே காந்தம் சரியாக ஒட்டாது. நல்ல 304 பெண்டு (வளைத்த குழாய்) கூட வளைக்கும்போது இறுகிவிட்டால் லேசாக ஒட்டும். காந்தத்தை நம்பி 202 வாங்கி ஏமாந்தவர்களும் உண்டு, நல்ல பெண்டைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

கையடக்க எக்ஸ்-கதிர் கருவியை வாடகைக்கு எடுத்தோம். குரோமியம், நிக்கல், மாலிப்டினம் மூன்றையும் அது நொடிகளில் சொல்லிவிடும். 316 என்றால் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் இருக்க வேண்டும், 304இல் அது சேர்க்கப்படுவதில்லை. ஆனால் அந்தக் கருவிக்குக் கார்பன் தெரியாது. 316ஆ, கார்பன் குறைந்த 316எல்லா என்று அதனால் பிரிக்க முடியாது, பல ஆய்வு அறிக்கைகள் இதை மறைத்துவிட்டு 316எல் என்றே எழுதிவிடுகின்றன. கார்பன் 0.03 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டை வெட்டி ஸ்பெக்ட்ரோ ஆய்வகத்துக்கு அனுப்பினோம். 0.02 வந்தது. சர்டிஃபிகேட் உண்மை.

நான்கு எல்போக்கள், அதாவது குழாயைத் திருப்பும் முழங்கை இணைப்புகள், மட்டும் மாட்டின. கடைசி நேரத்தில் அவசரமாக வாங்கியவை, மாலிப்டினமே இல்லை, சுத்தமாக 304. முதலாளியின் முகம் மாறிவிட்டது, திருடனைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தார். அந்த நான்கையும் கழற்றி உள்ளே பார்த்தோம். கண்ணாடிபோல் இருந்தன. ஒரு புள்ளித் துரு இல்லை. அவற்றுக்கு இரண்டடி தள்ளி, சான்றிதழோடு வந்த 316எல் குழாயின் வெல்டு ஓரத்தில்தான் காவி நிறம் வழிந்திருந்தது. இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமான சான்று அந்த நான்கு எல்போக்கள்தான். ஒரே தண்ணீர், ஒரே நாட்கள், மட்டமான கிரேடு பிழைத்திருக்கிறது, உசத்தியான கிரேடு துருப்பிடித்திருக்கிறது.

வெல்டுக்குள்

குழாய்க்குள் நுழையும் மெல்லிய கேமராவான போரோஸ்கோப்பை உள்ளே விட்டோம். லூப்பில் 41 வெல்டுகள், அதில் கேமரா எட்டியது 26. பட்டறையில் வைத்து அடித்துக் கொண்டுவந்த பகுதிகளின் வெல்டு வெள்ளி நிறத்தில், சில லேசான வைக்கோல் நிறத்தில் இருந்தன. இடத்தில் வைத்து அடித்தவை வேறு. உள்பக்கம் கருநீலம், பழுப்பு, சிலவற்றில் கருகிய கற்கண்டு ஒட்டியதுபோல் சொரசொரப்பு. வெல்டர்கள் இதை சுகரிங் என்பார்கள்.

ஆர்கான் வெல்டிங்கில் வெளிப்பக்கத்தை டார்ச்சிலிருந்து வரும் ஆர்கான் காக்கிறது. உள்பக்கத்தைக் காக்க இரண்டு முனையையும் அடைத்துக் குழாய்க்குள்ளும் ஆர்கான் விட வேண்டும், அதுதான் பர்ஜ். உள்ளே ஆக்சிஜன் 50 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 50 பங்கு) கீழே போன பிறகு ஆர்க் தட்டுவது நல்ல பழக்கம். இந்த நிறமாற்றத்தை மட்டிடுவதற்காகவே அமெரிக்க வெல்டிங் சொசைட்டி டி18.2 என்ற நிறப்படத்தை வைத்திருக்கிறது. அதைப் பார்த்தால் ஆக்சிஜன் கூடக் கூட நிறம் எப்படிக் கருக்கிறது என்று யாருக்கும் புரியும்.

நிறம் மாறினால் என்ன, பார்க்கத்தானே அசிங்கம் என்று கேட்பார்கள். அந்த நிறம் என்பது சூட்டில் தடித்த ஆக்சைடு. அது வளர்வதற்கான குரோமியத்தைத் தனக்குக் கீழே இருக்கும் உலோகத்திடமிருந்து எடுத்துக்கொள்கிறது. மேலே நுண்துளையுள்ள ஓடு, அதன் அடியில் குரோமியம் வற்றிய ஒரு மெல்லிய பகுதி. காகிதத்தில் அது 316எல். தண்ணீர் தொடும் இடத்தில் அதைவிட எவ்வளவோ கீழான ஒரு உலோகம். 904எல் போட்டு இதே மாதிரி பர்ஜ் இல்லாமல் அடித்திருந்தாலும் உள்ளே இதே கருப்புதான் வந்திருக்கும்.

வெல்டு அடித்தவரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அனுபவமுள்ள கை, மறைக்கவில்லை. "பட்டறையில பர்ஜ் விட்டுத்தான் அடிச்சோம் சார். சைட்ல சிலிண்டர் ஒண்ணுதான் கொடுத்தாங்க. உள்ளயும் விட்டா பாதி நாள்ல தீர்ந்துடும்னு மேஸ்திரி வெளிய மட்டும் விடச் சொன்னாரு" என்றார். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒப்பந்தத்தில் 316எல் என்று ஐந்து இடத்தில் எழுதியிருந்தது, பர்ஜ் என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை.

மே மாதத் தண்ணீர்

நிறம் மாறிய வெல்டு இருந்தால் மட்டும் ஏழு வாரத்தில் குழி விழாது. லூப்பின் மிகத் தாழ்ந்த பகுதியில் இரண்டு வெல்டுகளை வெட்டி நெடுக்காகப் பிளந்தோம். வெல்டு ஓரத்தில் காவி நிறச் சிறு மேடுகள். ஒன்றைச் சுரண்டினால் கீழே கடுகில் பாதி அளவு வாய். அதன் வழியே பிளந்து பார்த்தால் உள்ளே மிளகு அளவு பொந்து. டிஎம் வாட்டருக்கு இதைச் செய்யும் திறன் கிடையாது.

தண்ணீரை நிரப்பி அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட் எப்போது, எந்தத் தண்ணீரில் என்று கேட்டேன். மே மாதம், டேங்கர் தண்ணீர் என்றார்கள். மிக்ஸட் பெட் வந்து சேரத் தாமதமானதால், அந்தத் தண்ணீரை வடிக்காமல் 38 நாள் அப்படியே விட்டிருக்கிறார்கள். அக்னி நட்சத்திர வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு ஓரடி கீழே. வால்வு ஒன்று கசிந்து பாதித் தண்ணீர் போய்விட்டது, தாழ்ந்த பகுதியில் மட்டும் தேங்கி நின்று வற்றியிருக்கிறது.

அதே டேங்கர்காரரிடம் தண்ணீர் வாங்கிச் சோதித்ததில் குளோரைடு லிட்டருக்கு 780 மில்லிகிராம். சென்னையில் போர் தண்ணீர் எடுக்கும் யாரும் இந்த எண்ணைப் பார்த்து ஆச்சரியப்பட மாட்டார்கள். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரம் 250 வரை ஏற்கலாம் என்கிறது, வேறு வழியே இல்லாவிட்டால் 1,000 வரை. எஸ்எஸ் தேர்வுக்கும் ஒரு கைக்கணக்கு உண்டு: சாதாரண வெப்பத்தில் 304எல்லுக்கு சுமார் 200, 316எல்லுக்கு சுமார் 1,000. அப்படிப் பார்த்தால் 780 பாதுகாப்பான எண்தானே என்று தோன்றும். அந்தக் கைக்கணக்கு சுத்தமான மேற்பரப்புக்கும் ஓடும் தண்ணீருக்கும் உரியது. இங்கே மேற்பரப்பு கருகியிருக்கிறது, தண்ணீர் தேங்கியிருக்கிறது, வற்ற வற்ற உப்பு கூடியிருக்கிறது, சூடும் ஏறியிருக்கிறது. தேங்கிய தண்ணீரில் நுண்ணுயிர்கள் வெல்டு ஓரத்தில் குடியேறிப் படிவம் கட்டும், படிவத்துக்கு அடியில் ஆக்சிஜன் வற்றும், படலம் மூடிக்கொள்ள வழியில்லாமல் போகும். இப்படித்தான் உலகெங்கும் எத்தனையோ எஸ்எஸ் குழாய்கள் ஹைட்ரோ டெஸ்ட் தண்ணீரிலேயே, வேலைக்கு வருவதற்கு முன்பே ஓட்டையாகியிருக்கின்றன.

அந்த நான்கு 304 எல்போக்கள் ஏன் தப்பின? அவை கிளாம்பில் மாட்டியவை, அவற்றில் வெல்டு இல்லை. லூப்பின் மேல்பகுதியில் இருந்ததால் கசிந்த அன்றே அங்கே தண்ணீர் வடிந்துவிட்டது.

ஃபில்டரில் வந்த செந்தூளுக்கு இன்னொரு ஊற்றும் இருந்தது. ஒப்பந்தக்காரரின் பட்டறையில் சாதா இரும்புத் தாங்கிகளையும் எஸ்எஸ் குழாயையும் ஒரே மேஜையில் வைத்து, ஒரே கிரைண்டிங் வீலால் தேய்த்திருக்கிறார்கள். வெட்டிய துண்டுகளில் பொட்டாசியம் ஃபெரிசயனைடு, நைட்ரிக் அமிலக் கரைசலைத் தொட்டுவைத்தோம். தளர் இரும்பு இருந்தால் நீலம் காட்டும். வானத்தில் நட்சத்திரம் இறைந்ததுபோல் நீலப் புள்ளிகள். இந்தச் சோதனையை வெட்டிய துண்டில் மட்டும் செய்யுங்கள், ஓடும் லைனுக்குள் வேண்டாம்.

செய்த வேலை

தாழ்ந்த பகுதியின் 11 வெல்டுகளை வெட்டி எறிந்தோம். குழி விழுந்த இடத்தைச் சுத்தம் செய்து காப்பாற்றலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை, வாய் சிறிதாகவும் வயிறு பெரிதாகவும் இருக்கும் குழிக்குள் எந்த அமிலமும் ஒழுங்காகப் போய்வராது. புது இணைப்புகள், குழாயைச் சுற்றி வந்து தானாக வெல்டு போடும் ஆர்பிட்டல் மெஷினில், ஆக்சிஜன் மீட்டர் வைத்து பர்ஜ் செய்து அடித்தவை. மீதி வெல்டுகளைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மேற்பரப்பை அமிலத்தால் உரித்தெடுக்கும் பிக்ளிங்குக்கு அனுப்பினோம்.

இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு, நைட்ரிக் அல்லது சிட்ரிக் அமிலத்தில் பாசிவேஷன் செய்தால் போதும் என்று விடுவது. பாசிவேஷன் தளர் இரும்பை எடுக்கும், படலம் நன்றாக உருவாக உதவும். வெல்டின் கருப்பையும் அதன் அடியில் குரோமியம் வற்றிய உலோகத்தையும் அது எடுக்காது. அதற்கு நைட்ரிக்கோடு ஹைட்ரோஃபுளோரிக் சேர்ந்த பிக்ளிங் வேண்டும். எலும்புவரை இறங்கும் ஆபத்தான அமிலம் அது, பயிற்சியும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லும் கைவசம் இல்லாத இடத்தில் அந்தப் பேஸ்ட்டைத் திறக்கவே கூடாது. பிக்ளிங் முடிந்து, 20 சதவீத நைட்ரிக்கில் அரை மணி நேரத்துக்கு மேல் பாசிவேஷன், அப்புறம் டிஎம் வாட்டரில் அலசல். உள்ளே போகும் தண்ணீரின் கடத்துதிறனும் வெளியே வருவதும் ஒன்றாகும்வரை அலசினோம்.

மறு ஹைட்ரோ டெஸ்ட் டிஎம் வாட்டரில். மாலைக்குள் வடித்து, வடிகட்டிய காற்றை இரவு முழுவதும் விட்டு உலர்த்தினோம். அதன்பின் ஃபில்டர் வெள்ளையாகவே வந்தது, லென்ஸ் புள்ளிகளும் நின்றன.

நான்காவது மாதம் ஒரு போன். டேங்க் மூடியின் வெளிப்பக்கம் டீக்கறை படிந்ததுபோல் இருக்கிறது என்று. போய்ப் பார்த்தால், தரை கழுவும் ப்ளீச்சிங் பவுடர் கரைசலை ஒருவர் நல்லெண்ணத்தோடு டேங்கிலும் தடவித் துடைத்திருக்கிறார். ஹைப்போகுளோரைட் குளோரைடைத் தருவதோடு உலோகத்தின் மின்னழுத்தத்தையும் ஏற்றிவிடும், குழி விழ இரண்டுமே உதவி. சிட்ரிக் கொண்டு துடைத்ததும் போய்விட்டது. உள்ளே கிருமி நீக்க வெந்நீரோ ஹைட்ரஜன் பெராக்சைடோ போதும் என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

எங்கே எதைப் போடுவது

முதலாளி கேட்ட கேள்விக்குத் திரும்புகிறேன். ஆலையை ஒரு நதிபோல் நினைத்து மேலிருந்து கீழே வாருங்கள். மிகக் கொடிய தண்ணீர் இருப்பது நுழைவிலும் ஆர்ஓ கழிவிலும்தான். 780 மில்லிகிராம் குளோரைடுள்ள போர் தண்ணீரில் 70 சதவீதத்தை ஆர்ஓ தூய நீராக்கினால், மிச்சமுள்ள 30 சதவீதத்தில் உப்பு மூன்று மடங்குக்கு மேல் ஏறி, குளோரைடு 2,500ஐத் தொடும். அங்கே 316எல் போடக் கூடாது. அழுத்தம் குறைவான இடத்தில் யுபிவிசி பிளாஸ்டிக், அழுத்தமுள்ள இடத்தில் குழி எதிர்ப்பு கூடிய எஸ்எஸ் ரகமான 2205 டூப்ளெக்ஸ். நெம்மேலி, மீஞ்சூர் கடல்நீர் ஆலைகள் கையாளும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 19,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். அந்த வகை உயர் அழுத்தக் குழாய்களுக்கு அதைவிட உசத்தியான சூப்பர் டூப்ளெக்ஸ்தான் சரி.

குழி எதிர்ப்பை ஒப்பிட எளிய கணக்கு உண்டு: குரோமிய சதவீதம், அதோடு மாலிப்டினத்தின் 3.3 மடங்கு, நைட்ரஜனின் 16 மடங்கு. 304க்கு 18, 19 வரும், 316எல்லுக்கு 24 பக்கம், 2205க்கு 35, சூப்பர் டூப்ளெக்ஸுக்கு 40க்கு மேல். இந்த எண்ணில் வெல்டின் நிறம் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

ஆர்ஓவுக்குப் பின்னால், சாதாரண வெப்பத்தில் ஓடும் டிஎம் வாட்டருக்கு ஒழுங்காக வெல்டு செய்த 304எல் போதும். சூடு, நீராவி, அடிக்கடி ரசாயனக் கழுவல், மருந்துத் தயாரிப்பு என்றால் 316எல். வெளிக்காப்பு சுற்றிய சூடான லைன் என்றால் இன்னொரு எச்சரிக்கை: 60 டிகிரிக்கு மேல், கடற்காற்றின் உப்பும் மழையும் காப்புக்குள் இறங்கினால், 304, 316 இரண்டுமே வெளிப்பக்கத்திலிருந்து விரிசல் விடும். சிப் தயாரிப்புக்கான, மின்தடை 18.2 மெகாஓம் வரை ஏறிய மிகத் தூய தண்ணீருக்கோ எஸ்எஸ்ஸே வேண்டாம், பிவிடிஎஃப் பிளாஸ்டிக். அங்கே கவலை துருவைப் பற்றியதல்ல, உலோக அயனி ஒரு துளி கூடக் கரையக் கூடாது.

அடுத்த வருடம் அதே தொழிற்சாலை இரண்டாவது லூப் போட்டது. குழாய் 304எல். கிரேடில் மிச்சமான பணம் ஆர்பிட்டல் வெல்டிங்குக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் போரோஸ்கோப் படத்துக்கும் போனது. ஒப்பந்தத்தில் பர்ஜ் ஒரு முழுப் பத்தியாக ஏறியது, ஹைட்ரோ டெஸ்ட் தண்ணீர் இன்னொரு பத்தி. வெல்டு அடித்தது அதே ஆள். ஒவ்வொரு இணைப்பை மூடும் முன்பும் உள்பக்கப் படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார், 33 படங்கள். இரண்டை மட்டும் வெட்டச் சொன்னேன்.